விலைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஹிஸ்டோகிராம் போட்டவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குலசேகரத்துக்காரன்:

ரெண்டு வாரமாக இது மனதில் கிடந்து உறுத்துகிறது, அதனால் நானே தொடங்குகிறேன். கோட்டயம் ஆர்எஸ்எஸ்-4 (புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டின் நாலாம் தரம்) தினவிலை, 2010லிருந்து 2023 வரை. இடதுபக்கம் விலைக்கோடு, வலதுபக்கம் அதே விலை அச்சில் படுக்கவைத்த ஹிஸ்டோகிராம், அதாவது எந்த விலையில் எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் கட்டைப் படம். கிரிட்ஸ்பெக்கில் இரண்டு படத்தின் அகலம் நாலுக்கு ஒன்று, இரண்டுக்கும் ஒரே விலை அச்சு வர ஷேர்-ஒய், கட்டை படுக்க ஓரியன்டேஷன் ஹாரிசான்டல், உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் பின்ஸ், அதாவது எத்தனை கட்டை என்று எதுவும் கொடுக்கவில்லை. படம் போடும் பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப் தன் வழக்கப்படி பத்துக் கட்டையாகப் பிரித்துவிட்டது, ஒரு கட்டைக்குப் பதினைந்து பதினாறு ரூபாய், ஒன்றும் துலங்கவில்லை. 5 ரூபாய்க்கு ஒரு கட்டை என்று மாற்றியதும் 120க்கும் 150க்கும் நடுவில் ஒரு பெரிய வயிறு தெரிந்தது.

அப்பா ரப்பர் வெட்டு முடிந்து, பாலை உறைய ஊற்றிவிட்டு, கையில் ஆசிட் வாசனையோடு வந்து பின்னால் நின்றார். கோட்டை அவர் பார்க்கவே இல்லை. காய்ந்த பால் ஒட்டிய விரலை நேரே அந்த வயிற்றின்மேல் வைத்து, "லே மக்கா, நான் ஷீட்டு வித்ததெல்லாம் இதுக்குள்ளதாம்ல" என்றார். 2011ல் விலை 240 வரை போனபோது முந்நூறு வரும் என்று ஷீட்டை விற்காமல் வைத்திருந்தவர் அவர். 2016 தொடக்கத்தில் அது நூறுக்குக் கீழே போனதையும் பார்த்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல வருசம் எங்க கிடக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஹிஸ்டோகிராமில் வருஷம் கிடையாது, எந்த விலையில் எத்தனை நாள் என்பது மட்டும்தான் இருக்கும். எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

வடசேரி:

எனக்கு நடந்தது வால்யூம் ப்ரொஃபைலில், அதாவது எந்த விலையில் எத்தனை பங்கு கைமாறியது என்று காட்டும் படத்தில். ஒரு வங்கிப் பங்கின் ஒரு வருஷத் தினவிலையை எடுத்து, க்ளோஸ் விலையை (அன்றன்றைய முடிவு விலையை) ஹிஸ்டோகிராம் போடும் ஹிஸ்டில் கொடுத்து, வெயிட்ஸ் என்ற இடத்தில் வால்யூமைக் கொடுத்தேன். அழகாக வந்தது. ஆபீஸில் சீனியர் அக்காவிடம் காட்டினேன், அவங்க ஒரே ஒரு கட்டையைத் தொட்டு, "இது எந்த நாள் தம்பி, இவ்வளவு நீளமா நிக்குதே" என்றாங்க. தேடிப் பார்த்தால் 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி அன்று கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து முடிந்தது, என் பங்கும் காலையிலிருந்து மேலும் கீழுமாக ஒரு பெரிய தூரம் ஓடியது. அந்த நாள் முழுக்கக் கைமாறிய அத்தனை பங்கையும் நான் க்ளோஸ் என்ற ஒரே விலையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்! அந்த விலையில் கடைசியில் நடந்தது கொஞ்சம்தான். அதை ஆதரவு நிலை, விலை அதற்குக் கீழே எளிதில் போகாது என்று வட்டம் போட்டு, அதை நம்பி இரண்டு பேருக்கு வேறு சொல்லியிருந்தேன். அதுதான் இன்னும் குத்துகிறது. இப்போது ஐந்து நிமிட டேட்டா கிடைத்தால்தான் போடுகிறேன். கிடைக்காவிட்டால் அன்றைய லோவிலிருந்து ஹை வரை வால்யூமைப் பங்கிட்டுப் போடுகிறேன். அதுவும் உத்தேசம்தான், ஆனாலும் ஒரே விலையில் கொட்டுவதைவிட மேல்.

மார்த்தாண்டம் 89:

குலசேகரம் நண்பருக்கு, தப்பாக எடுக்க வேண்டாம், விலையை அப்படியே ஹிஸ்டோகிராமில் போடுவதே சரியில்லை. விலை நகர்ந்துகொண்டே இருக்கிற ஒன்று. 2012ன் 150 ரூபாயும் 2022ன் 150 ரூபாயும் ஒன்றா? நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை சதவீத மாற்றம் என்று எடுத்து, அதைப் போட வேண்டும். பைத்தானின் பாண்டாஸில் பிசிடி-சேஞ்ச், ஒரே வரி.

என் கதை சின்னது. நிஃப்டியின் தினசரி மாற்றத்தைப் போட்டு, படம் நன்றாக இருக்க வேண்டும் என்று ரேஞ்சில் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை கொடுத்தேன். நடுவில் கூம்பு, இருபக்கமும் அளவாகச் சரிந்து, பார்க்க லட்சணமாக இருந்தது. மச்சான் வந்து பார்த்துவிட்டு, "கொரோனா சமயத்துல விழுந்துச்சே, அந்த நாள் எங்க?" என்றான். 2020 மார்ச் 23. காலையிலேயே 10 சதவீதம் விழுந்து வர்த்தகத்தை 45 நிமிஷம் நிறுத்தி வைத்தார்கள், திரும்பத் திறந்து கடைசியில் 13 சதவீத நஷ்டத்தில் முடிந்தது. அவன் அன்று பணம் விட்டவன், அவனுக்கு அந்த நாள் மறக்காது. என் படத்தில் அது இல்லை. ரேஞ்சுக்கு வெளியே போகிற எண்ணை, பின்னால் கணக்குப் போடும் நம்பை நூலகம் ஓரத்துக் கட்டையில் சேர்ப்பதில்லை, எறிந்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. ஒருத்தன் வாழ்க்கையில் மோசமான நாளை நான் படம் அழகாக வர வேண்டும் என்று வெட்டிவிட்டிருக்கிறேன். இப்போது ரேஞ்சே கொடுப்பதில்லை, அவசியமானால் முதலில் வெளியே போகிற எண்ணை எல்லைக்குக் கிளிப் பண்ணி ஓரக் கட்டையில் சேர்த்து, அதன்மேல் எழுதியும் வைக்கிறேன்.

தோவாளைப் பூ:

மார்த்தாண்டம் அண்ணன் சொல்வது பங்குக்குச் சரி. என் அம்மா பூ வாங்குகிறவங்க, அவங்க சதவீதத்தில் வாங்குவதில்லை, கிலோ இத்தனை ரூபாய் என்றுதான் வாங்குறாங்க. அம்மாவின் நோட்டில் இருந்த பிச்சிப்பூ விலையை உட்கார்ந்து டைப் செய்து போட்டேன். இரண்டு மேடு வந்தது, சாதாரண நாளுக்கு ஒன்று, முகூர்த்தமும் ஓணமும் சேர்ந்து தள்ளி ஒன்று. சராசரி என்று ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன், அது இரண்டு மேட்டுக்கும் நடுவில் பள்ளத்தில் நின்றது. அம்மா அதைப் பார்த்து, "இந்த விலைக்கு நான் ஒரு நாளும் பூ வாங்கினதில்லையே மக்ளே" என்றாங்க. கோட்டை அழித்துவிட்டேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

பார்வதிபுரம் ரவுண்டானா:

எனக்கு நடந்தது இரண்டு வரி. ஒரு பங்குக்கு இரண்டு மேடு வந்தது, இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தப் பங்கை ஐந்தாகப் பிரித்திருந்தார்கள், நான் பிரிப்புக்கு முந்தைய விலையைத் திருத்தாமலே போட்டிருந்தேன்.

அதனால் எல்லோரும் முதலில் பிரிப்புக்கு ஏற்ப அட்ஜஸ்ட் செய்த விலையா என்று பாருங்கள். ஆயிரம் ரூபாய்ப் பங்கு ஒரே காலையில் இருநூறானால் கோட்டில் பள்ளம் தெரியும், யாராவது கேட்பார்கள். ஹிஸ்டோகிராமில் அது நிஜமான மேடு மாதிரியே உட்கார்ந்திருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் கட்டையின் அகலம். நம்பையில் எஃப்டி (ஃப்ரீட்மன்-டயகோனிஸ் விதி) என்று கொடுத்தால் நடுப்பாதி டேட்டாவின் பரப்பையும் எண்ணிக்கையையும் வைத்து அதுவே அகலத்தைத் தீர்மானிக்கும், ஸ்டர்ஜஸ் என்பது எண்ணிக்கையை மட்டும் பார்க்கும், விலை டேட்டாவுக்கு அது பெரும்பாலும் கட்டைகளைக் குறைத்துவிடும். ஆனால் இரண்டு பங்கையோ இரண்டு வருஷத்தையோ ஒப்பிடும்போது ஆட்டோமேட்டிக்காக விடவே கூடாது, எல்லைகளை நீங்களே ஒரு தடவை முடிவு செய்து எல்லாவற்றுக்கும் அதையே கொடுங்கள். ஷேர்-ஒய் மறந்தால் பக்கத்துப் படத்தின் 150 இந்தப் படத்தின் 170க்கு நேராக நிற்கும், யாருக்கும் தெரியாது. இன்னொன்று, விலையின் போக்கைக் காட்டும் எம்ஏசிடி ஹிஸ்டோகிராம் என்று சார்ட்டில் கீழே வருகிறதே, அது பெயரில் மட்டும்தான் ஹிஸ்டோகிராம், உண்மையில் இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை நாளுக்கு ஒரு பட்டையாகப் போடுவது, அதைக் கொண்டுபோய் ஹிஸ்டில் கொடுக்காதீர்கள், பார்-இல் கொடுங்கள்.

வடசேரி:

அண்ணாச்சி, எஃப்டி எனக்கு ஐந்து நிமிட டேட்டாவில் ஏகப்பட்ட கட்டை போட்டுச் சீப்புப் பல் மாதிரி ஆக்கிவிட்டது. எல்லா இடத்துக்கும் அதைச் சொல்லாதீங்க.

குலசேகரத்துக்காரன்:

மார்த்தாண்டம் அண்ணனுக்கு, சதவீத மாற்றத்தையும் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன கூம்பு வந்தது. அப்பா அதை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது விலையும் வருஷமும்.

அதனால் நேற்று ராத்திரி டேட்டாவை மூன்றாகப் பிரித்தேன், 2010 முதல் 2013, 2014 முதல் 2020, பிறகு 2023 வரை. மூன்றுக்கும் அதே 5 ரூபாய் எல்லை, கட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து அடுக்க ஸ்டாக்டு ட்ரூ, ஆளுக்கு ஒரு நிறம். வயிறு முக்கால்வாசி நடு நிறமாகவே வந்தது. மேலே 240 பக்கம் முதல் நிறம் மெல்லிய கீற்றாக இருந்தது.

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். கீற்றைக் காட்டி "இது அந்த வருசமா?" என்றார். ஆமாம் என்றேன். விரலை வைத்து அளந்து பார்த்தார், நகத்தின் அகலம்கூட இல்லை. "இவ்வளவு நாளுதானா நின்னிச்சு" என்றார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாளைக்கு மழை இருக்குமா பாரு, வெட்டு இருக்கு என்றார்.