பஞ்ச்-த்ரூவுக்கு 'உடைவிறக்கம்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கடலடியில் கால்களை ஊன்றி நிற்கும் துளைமேடையான ஜாக்-அப் ரிக் பற்றிய கட்டுரைக்காக நாம் தேடிவரும் தமிழ்ச் சொற்களைத் தொடர்ந்து எழுதுகிறேன்.

'ஸ்பட்கேன்' என்பதற்குக் 'கூம்புப்பாதம்' என்று முடிவானதில் எனக்கு முழு மகிழ்ச்சி. 'முளைக்குப்பி' என்று பிய்த்துப் பிய்த்துப் பெயர்த்திருந்தால் படிப்பவர் கண்முன் எதுவும் வந்திருக்காது. ஜாக்-அப் ரிக்கின் ஒவ்வொரு காலுக்கும் கீழே, முனை கீழ்நோக்கிய தட்டைக் கூம்பாக இருக்கும் எஃகுப் பாதம் அது. பெரியவை 20 மீட்டர் விட்டத்தை நெருங்கும். பெயரே வடிவத்தைச் சொல்லிவிடுகிறது.

இப்போது பஞ்ச்-த்ரூ, அதாவது பாதத்தைத் தாங்கிய மண்ணடுக்கு உடைந்து கால் சட்டென்று கீழே விழுவது. இதுவரை வந்தவை 'துளைத்தல்', 'ஊடுருவல்', 'குத்திறக்கம்'. மூன்றிலும் எனக்கு மறுப்பு இருக்கிறது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சொல் தவறினால் கணக்கையும் தவறாகப் புரிந்துகொள்வோம்.

முதலில், ஆபத்தில்லாத மண்ணில் என்ன நடக்கிறது? கடலடியில் மென்களி இருந்தால் ஆழம் போகப்போக அதன் வலிமை கூடும், மீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோபாஸ்கல் அளவில். மேடையின் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக் கால்களை அழுத்துவார்கள். பின்னால் புயலில் வரக்கூடிய சுமையை முன்கூட்டியே மண்ணுக்குக் காட்டிவிடுவதுதான் நோக்கம். பாதத்தின் அடியில் 300 கிலோபாஸ்கல் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஆழமான அடித்தளத்துக்கு மண் பொறியியல் அறிஞர் ஸ்கெம்ப்டன் 1951இல் கொடுத்த 9 என்ற கெழுவால் வகுத்தால், சுமார் 33 கிலோபாஸ்கல் வலிமையுள்ள களி கிடைக்கும்வரை கால் இறங்க வேண்டும். மீட்டருக்கு 1.5 வீதம் கூடும் மண்ணில் அது 22 மீட்டர் ஆழம். பாதத்தின் மேல் வழிந்து விழும் மண்ணின் எடையை இதில் சேர்க்கவில்லை. ஆழம் அதிகம்தான், ஆனால் ஆபத்தில்லை. எடை கூடக் கூட, கால் மெல்ல இறங்கும். இதற்கு 'இறக்கம்' போதும். 'ஊடுருவல்' என்றால் நீர் கசிந்து நுழைவதுதான் நினைவுக்கு வருகிறது.

மேலே கெட்டிக் களியோ மணலோ, கீழே மென்களி என்று அமைந்தால்தான் வினை. மேலடுக்கு தாங்குகிறது, எடையை ஏற்றுகிறார்கள், இன்னும் தாங்குகிறது. ஒரு கட்டத்தில் அடுக்கு உடைகிறது. அப்போது பாதத்தின் கீழே இருந்த கெட்டி மண் கட்டியாகப் பெயர்ந்து, பாதத்தோடு ஒட்டிக்கொண்டே மென்களிக்குள் போகிறது. 'துளைத்தல்' பொருந்தாதது இதனால்தான். ஊசி துணியைத் துளைத்தால் துணி மேலே நின்றுவிடும். இங்கே துணியின் ஒரு பகுதியும் ஊசியோடு போகிறது. அந்தக் கட்டி கீழே போன பிறகும் எதிர்ப்புத் தருகிறது, கணக்கில் அதை விட்டுவிட முடியாது. துளை என்று மனத்தில் பதிந்துவிட்டால் மாணவர் முதலில் மறப்பது இந்தக் கட்டியைத்தான்.

எண்முறைக் கணக்கீட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாதத்தைச் சிறுசிறு அடியாகக் கீழே தள்ளி, ஒவ்வோர் அடிக்கும் மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று கணித்தால் முழு வளைகோடும் வரும்: ஏறும், உச்சம் தொடும், சரியும், ஆழத்தில் மறுபடி ஏறும். ஆனால் கடலில் இருப்பது எடை. வளைகோடு சரிந்தது என்பதற்காக எடை குறையாது. ஆகவே அதே எதிர்ப்பு மறுபடி கிடைக்கும் ஆழம்வரை கால் ஒரே மூச்சில் விழுகிறது. மற்றக் கால்கள் அங்கேயே நிற்க ஒன்று மட்டும் விழுந்தால், மேடை சாயும், கால் வளையும். சுமையைக் கொடுத்துக் கணித்தால் கணினி நிரல் அந்த உச்சத்திலேயே திணறி நின்றுவிடும். நான் தொடங்கிய காலத்தில் அதை நிரலின் பிழை என்று எண்ணி ஒரு மாதம் வீணாகத் தேடியிருக்கிறேன்.

இன்னொன்று. கணக்கீட்டுக்காக மண்ணைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பதை வலை என்கிறோம். இவ்வளவு ஆழம் போகும்போது மண்ணோடு கட்டிய வலை முறுக்கிக்கொண்டு பயனற்றுப் போகும். அதனால்தான் 1998இல் ஆய்வாளர்கள் ஹூவும் ராண்டால்ஃபும் சிறிது தள்ளியதும் வலையைப் புதிதாகப் பின்னும் முறையைக் கொண்டுவந்தார்கள். வலையை அசையாமல் நிறுத்தி மண்ணை அதனூடே ஓடவிடும் முறையும் இருக்கிறது. இவற்றுக்கான சொற்களைத் தனியே பேசலாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நடப்பவை இரண்டு: அடுக்கு உடைகிறது, கால் இறங்குகிறது. முதலில் 'உடைந்து அமிழ்வது' என்ற பொருளில் 'உடைந்தமிழ்வு' என்று எழுதிப் பார்த்தேன். இலக்கணப்படி சரி, பொருளும் சரி. ஆனால் வாசிக்கும் கண் அதை 'உடைந் தமிழ்' என்று பிரிக்கிறது. மனம் ஒப்பவில்லை, விட்டுவிட்டேன். 'உடைவிறக்கம்' நிற்கிறது. 'பதிவிறக்கம்' பழகிய வாய்க்கு இதன் ஓசையும் புதிதல்ல.

'எதிர்ப்பு சரியாமல், வெறுமனே கூடாமல் நின்றாலும் கால் வேகமாக இறங்குமே, அதற்கும் இதே சொல்லா?' என்று நேற்று ஐயா கேட்டது நல்ல கேள்வி. இல்லை என்பேன். வளைகோடு கிடைமட்டமாக ஓடும் இடத்தில் அப்படி வேகமாக இறங்குவதுண்டு, அதை 'விரைவிறக்கம்' எனலாம். இறக்கம், விரைவிறக்கம், உடைவிறக்கம் என்று மூன்றும் ஒரே வேரில் வருவதால் அட்டவணையிலும் படத்திலும் குழப்பம் வராது. 'குத்திறக்கம்' சொன்ன தங்கைக்கு: பிற்பாதி உங்களுடையதுதான். 'குத்து' மட்டும் பாதம் செய்வதைச் சொல்கிறது. மண்ணுக்கு நேர்வது உடைவு, அது பெயரில் இருக்க வேண்டும்.

பாதத்தோடு சேர்ந்து இறங்கும் அந்தக் கட்டிக்கு இப்போதைக்கு 'உடன்மண்' என்று வைத்திருக்கிறேன். 'அடைப்பு' எனக்குப் பிடிக்கவில்லை, அது எதையும் அடைப்பதில்லை. இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.