சங்கக் கணக்குக்கு டெக்ஸ்ட் கோப்பும் கட்டளைகளும் போதுமா, இல்லை எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸுக்குப் போகலாமா?

தோட்டத்துப்பிள்ளை:

வணக்கம், நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். எங்கள் தோட்டத்து மரண சகாய சங்கத்தின் கணக்கு இந்த வருடம் என் கைக்கு வந்திருக்கிறது. தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்து, ஆட்கள் டவுனில் ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார்கள். ஆனால் சங்கத்தை யாரும் விடவில்லை. 230 குடும்பம், மாதம் 5 ரிங்கிட் சந்தா. ராத்திரியில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் விடிவதற்குள் பணம் கொடுக்க வேண்டும், அதற்கு முன் நிலுவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போன மாதம் அப்படித்தான். இறந்தவர் பெயர் லெட்சுமி. நோட்டில் நான்கு லெட்சுமி, அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயர் முனியாண்டி. மூன்று நோட்டையும் புரட்டிச் சரியான ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது, அதுவரை அந்த வீட்டுப் பையன் வாசலிலேயே நின்றான். இனி யாரும் அப்படி நிற்கக் கூடாது.

எக்செலில் போட்டுப் பார்த்தேன். 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் ஐசி (அடையாள அட்டை) நம்பர் சைபரில் ஆரம்பிக்கும், அந்த சைபரையே தின்றுவிட்டது. வீட்டில் இருப்பது 2 ஜிபி பழைய லேப்டாப், லினக்ஸ். ஒவ்வொரு டேபிளும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு, தேடுவதும் சேர்ப்பதும் சின்னச் சின்னக் கட்டளைகள், பைப் போட்டு, அதாவது ஒன்றின் விடையை அடுத்ததற்கு அனுப்பிக் கோத்தால் அதுவே டேட்டாபேஸ் என்று படித்தேன், பிடித்திருந்தது. உறுப்பினர் ஒரு கோப்பு, சந்தா ஒரு கோப்பு செய்தேன். இரண்டையும் இணைக்கும் ஜாயின் கட்டளை கொடுத்தால் பாதிப் பேர் வரவில்லை. சரி, வரிசைப்படுத்தலாம் என்று சார்ட் செய்து அதே கோப்பில் எழுதினேன், கோப்பு காலி! நோட்டு இருந்ததால் பிழைத்தேன். இந்த வழியை நம்பலாமா?

பழைய கிராணி:

தம்பி, நம்பலாம். கோப்பு காலியானதற்கு சார்ட் காரணம் இல்லை. கோப்பில் எழுதச் சொல்லும் > அம்புக்குறி போட்டவுடனே, கட்டளைகளை ஓட்டும் ஷெல் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் துடைத்துவிடும், சார்ட் படிக்க வரும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. சார்ட்டுக்கு மைனஸ் ஓ (-o) என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தால் அதே கோப்பில் பத்திரமாக எழுதும். மற்ற கட்டளைகளுக்கு வேறு பெயரில் எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா பார்த்து, அப்புறம் பெயரை மாற்றுங்கள்.

ஜாயின் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? இரண்டு செக்ரோலை (ஆள் பேர்ப் பதிவேட்டை) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் விரலைக் கீழே இறக்கிக்கொண்டு போவோமே, அதேதான். ஒன்று வரிசை தப்பினால் விரல் ஆளைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வராது. அதனால் இரண்டு கோப்பையும் எந்த நம்பரை வைத்துச் சேர்க்கிறீர்களோ அதே நம்பரில், அதே மொழி அமைப்பில் வரிசைப்படுத்த வேண்டும். எல்சி ஆல் (LC_ALL) என்ற மொழி அமைப்பை சி (C) என்று வைத்துவிட்டு இரண்டு கட்டளையையும் ஓட்டுங்கள். பெயருக்குள் இடைவெளி வரும், அதனால் பிரிப்பானாக டேப் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு முக்கியமாக வேண்டியது ஜாயினின் மைனஸ் வீ ஒன்று (-v 1). முதல் கோப்பில் இருந்து இரண்டாவதில் இல்லாத வரிகளை மட்டும் அது தரும். சந்தா கோப்பில் ஆக் (awk) என்ற கட்டளையை வைத்து இந்த மாதத்தை மட்டும் வடிகட்டி, உறுப்பினர் கோப்பை முதலில் வைத்து இப்படிச் சேர்த்தால் கட்டாதவர்கள் பட்டியல் அப்படியே வந்து விழும்.

ஒன்று மட்டும் கேளுங்கள்: பெயரை வைத்துச் சேர்க்காதீர்கள், சங்கமே ஓர் உறுப்பினர் எண் கொடுக்கட்டும், அந்த எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கட்டும். வெறும் எண்ணாக இருந்தால் ஆக்கும் ஏமாற்றும், இரண்டு கோப்பிலிருந்து வரும் 007-ஐயும் 7-ஐயும் ஒன்று என்றே சொல்லும். எழுத்து இருந்தால் யாரும் சைபரைத் தின்ன முடியாது.

இது புது யோசனையும் இல்லை. டேட்டாபேஸ் ஆய்வாளர் காட் 1970-இல் ரிலேஷன் (அட்டவணை) என்று எழுதியபோது, டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் கிடையாது. 1998-இல் கார்லோ ஸ்ட்ரோஸி என்ற இத்தாலியர் டேப் கோப்பும் பைப்பும் வைத்தே ஒரு டேட்டாபேஸ் செய்து, எஸ்கியூஎல் இல்லாததால் நோஎஸ்கியூஎல் என்று பெயர் வைத்தார். இப்போது அந்தப் பெயரில் பேசப்படுவது வேறு வகை.

கருந்திரை:

குனூ ரெக்யூட்டில்ஸ் என்ற டெக்ஸ்ட் டேட்டாபேஸ் கருவியைப் பாருங்கள். ஒரு வரிக்கு ஒரு விவரம், ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி. நோட்டைப் படிக்கிற மாதிரியே இருக்கும், உங்கள் தலைவர் கணினி தெரியாதவராக இருந்தாலும் அச்செடுத்துக் கொடுத்தால் படித்துவிடுவார். எது கீ (ஆளுக்கு ஆள் மாற வேண்டிய எண்) என்று தலைப்பில் எழுதிவைத்தால், அதன் சோதனைக் கட்டளையான ரெக்ஃபிக்ஸ் ஓட்டும்போது ஒரே எண் இரண்டு பேருக்குப் போயிருந்தால் காட்டிக்கொடுக்கும், ஜாயினில் அந்தக் காவல் இல்லை. உள்ளே தமிழில் எழுதலாம், ஆனால் விவரத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும்.

செம்பனை:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இது துக்க வீட்டுப் பணம். எழுதிக்கொண்டிருக்கும்போது இடி இடித்துக் கரண்ட் போனால் டெக்ஸ்ட் கோப்பு பாதியில் நிற்கலாம். எஸ்கியூலைட் என்றால் டிரான்ஸாக்‌ஷன் உண்டு, பாதி எழுதியதைத் தள்ளிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதுவும் ஒரே கோப்பு, கட்டளை வரியிலிருந்தே ஓட்டலாம், சர்வர் வேண்டாம், உங்கள் லேப்டாப்புக்கு அது ஒரு சுமையே இல்லை. ஐசி பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லி உருவாக்குங்கள். ஃபாரின் கீ சோதனை (சந்தாவில் வரும் எண் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது) சாதாரணமாக அணைந்திருக்கும், திறக்கும்போதெல்லாம் பிராக்மா என்ற கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். பலர் இதில்தான் தவறவிடுகிறார்கள். நோட்டு மாதிரி கையில் வேண்டும் என்றால் மாதக் கடைசியில் டம்ப் எடுங்கள், எல்லாம் டெக்ஸ்டாக வரும்.

தோட்டத்துப்பிள்ளை:

கிராணி ஐயா, மனமார்ந்த நன்றி. எம்007 மாதிரி எண் போட்டு, ராத்திரி உட்கார்ந்து இரண்டு கோப்பையும் வரிசைப்படுத்திச் சேர்த்தேன், 230 பேரும் வந்துவிட்டார்கள். நான்கு லெட்சுமிக்கும் நான்கு எண். செம்பனை அண்ணே, இங்கே மாலையானால் இடிதான், நீங்கள் சொன்னது சரி. எழுதுவதை எஸ்கியூலைட்டில் வைத்துக்கொண்டு மாதா மாதம் டேப் கோப்பாக எடுத்து அச்சடித்துத் தலைவரிடம் கொடுக்கப் போகிறேன். மைனஸ் வீ கொடுத்ததில் இந்த மாதம் கட்டாதவர்கள் 17 பேர், அதில் மூன்று பேர் தனியாக இருக்கும் பாட்டிகள். நாளைக்குக் காலையில் வீட்டுக்கே போய் வாங்கிக்கொள்கிறேன்.