தூக்கிய பழைய பிக்கப், பெரிய டயர்: மைலேஜ் 12-லிருந்து 8.5

மன்னை_பிக்கப்:
2010 மாடல் டீசல் பிக்கப். 2.5 லிட்டர் டர்போ, மெக்கானிக்கல் டீசல் பம்ப், 2.6 லட்சம் கி.மீ. ஓடியது. களத்துக்கு இறங்கும்போது அடி தட்டுகிறது என்று பின்னால் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 2 அங்குலக் கட்டை, முன்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்துத் தூக்கியாயிற்று. 215/75 ஆர்15 டயரை மாற்றி 31x10.5 ஆர்15 போட்டிருக்கிறது. லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி இப்போது 8.5. மன்னார்குடி–திருவாரூர் ஓட்டம்தான் அதிகம், பெரும்பாலும் பாதி லோடு. பாலம் ஏறினால் லேசாகக் கறுப்புப் புகை. டீசல் பம்பைக் கழற்றி, சோதித்துச் சரிசெய்யும் லேபுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கணக்குப்புலி:
பம்பை இப்போது தொடாதீர்கள். உங்கள் 8.5 என்ற கணக்கே தப்பு. பழைய டயரின் விட்டம் 703 மி.மீ., புதுசு 787. ஒரு சுற்றுக்கு வண்டி கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டரில் 100 என்றால் ரோட்டில் 112. அப்படியானால் உண்மை மைலேஜ் சுமார் 9.5. போனில் ஜிபிஎஸ் வைத்து 20 கி.மீ. ஓட்டிப் பாருங்கள், மீட்டர் 18-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். வேகமும் அப்படித்தான்: முள் 60-இல் நின்றால் நீங்கள் 67-இல் போகிறீர்கள். அந்த வேகத்தில் உயரமான வண்டி காற்றைத் தள்ளவே டீசல் குடிக்கும்.

டேங்க் ஃபுல் கணக்கை ஒரே பங்கில், ஒரே மெஷினில், டீசல் தானாக நிற்கும் முதல் கட்-ஆஃபோடு நிறுத்தி, 250 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டிப் போடுங்கள். 500 ரூபாய்க்கு அடித்து எத்தனை கி.மீ. வந்தது என்று பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

வெண்ணாற்றங்கரை:
மேலே சொன்னது சரி. மீதி 2.5 எங்கே போகிறது? வண்டி உருளாமல் இழுக்கிறதா, இன்ஜின் சரியாக எரிக்கவில்லையா, முதலில் அதைப் பிரிக்க வேண்டும். நம் பக்கம் ரோடு தட்டை, அதனால் சோதனை சுலபம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் 40-இல் நியூட்ரல் போட்டு எவ்வளவு தூரம் உருளுகிறது என்று அளந்து, அதே இடத்தில் திரும்பி வந்தும் அளக்கணும். கடல்காற்று ஒரு பக்கம் ஏமாற்றிவிடும். தூக்காத இதே மாடல் வண்டியோடு ஒப்பிட்டால் விஷயம் தெரியும்.

தூக்கிய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது ஹேண்ட்பிரேக் கேபிளைத்தான். கட்டை வைத்ததும் ஆக்சில் கீழே போகிறது, பழைய நீளக் கேபிள் விறைத்து பிரேக் ஷூவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதோடு சேற்றுத் தண்ணீர் இறங்கி உறைக்குள் துரு. 10 கி.மீ. பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி, நான்கு சக்கரத்தின் பிரேக் பக்கமும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள் (தொடாதீர்கள்). ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான். பிறகு நியூட்ரலில் ஜாக்கி போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

டயரின் மேல்பரப்பைக் கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழவழ, எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி இருந்தால் டோ (முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) தப்பு.

இன்னொன்று: பின்னால் பிரேக் அழுத்தத்தை லோடுக்குத் தகுந்தபடி மாற்றும் எல்.எஸ்.பி.வி. இருந்தால், கட்டை வைத்த பிறகு அது வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். மைலேஜுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் நெல் மூட்டையோடு பிரேக் நிற்காது. அதன் கம்பியைத் திருத்தச் சொல்லுங்கள்.

டீசல்கை:
புகைக்கு என் பதில். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசியிலும் நெல் சுணையிலும் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் புத்தகத்தில் போட்ட கி.மீ. வரை தாங்காது. காம்ப்ரசர் காற்றை வெளியிலிருந்து அடிக்காதீர்கள், தூசி காகிதத்துக்குள் இறங்கும். மாற்றிவிடுங்கள். அடுத்து டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸ். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் உஸ் என்ற சத்தம் இருந்தால் விரிசல்.

பெரிய டயரால் கியர் நீண்டுவிட்டது என்பதையும் மறக்கவேண்டாம். பாலத்தில் பழைய பழக்கத்தில் நாலாம் கியரிலேயே மிதித்தால் புகை வராமல் என்ன செய்யும்? மூன்றுக்கு இறக்குங்கள்.

தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா? காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸைப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் ஆறியே இருந்து திடீரென்று சுட வேண்டும்.

மன்னை_பிக்கப்:
அண்ணே, ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே மெதுவாகச் சூடாகிறது. வெயில் ஊர், தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று எடுத்ததாகச் சொல்கிறார்கள். இடது பின் டிரம்மும் அனல்.

டீசல்கை:
அப்போது இரண்டு வேலை இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேறவே நேரம் எடுக்கும், அதுவரை எரிபொருள் வீண், உள்ளே தேய்மானமும் கூடும். ஒரிஜினல் அளவில் வாங்கி, காற்று வெளியேறும் சிறு ஓட்டை மேலே வருமாறு பொருத்தி, கேஸ்கெட் புதிது போடுங்கள். கூலன்ட் ஊற்றியபின் மூடி திறந்தபடி ஓடவிட்டுக் காற்றை எடுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் நீளமானது கிடைக்காவிட்டால் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைத்தான் இறக்க வேண்டும், அட்ஜஸ்ட்மென்ட்டைத் தளர்த்தி ஒப்பேற்றாதீர்கள். இதன்பிறகும் 10.5-ஐத் தாண்டவில்லை, புகையும் நிற்கவில்லை என்றால் டீசலைத் தெளிக்கும் நாசிலைச் சோதியுங்கள், அதற்கும் பிறகுதான் பம்ப்.

வெண்ணாற்றங்கரை:
12 திரும்ப வராது, தம்பி, அந்த டயரோடு. கட்டை உயர்த்துவது பாடியை மட்டும்தான். ஆக்சில் ஹவுசிங் உயர்வது டயரால், அதுவும் 42 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் 15 மி.மீ. கிடைக்கும், மீட்டர் பிழையும் 4 சதவீதத்தோடு போகும். எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போதும் தலைவலி குறைவு.