கத்திரி வெயிலில் எம்.எஸ்.: கண் மங்கினால் ரிலாப்ஸா, வெறும் சூடா?

மூன்றாம் மாடி:
வணக்கம். மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையைத் தாக்கும் நோய். வீடு சென்னையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. சமையல் முடிகிற பதினோரு மணிக்கு இடது கண் மங்குகிறது, வலது கால் இழுக்கிறது. ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்தால் சரியாகிவிடும். இதை ரிலாப்ஸ் (நோய் மறுபடி தாக்குவது) என்று எடுத்துக்கொண்டு ஸ்டீராய்டுக்குப் போகணுமா? ஏர்கூலர் வாங்குவதா, உடம்பைக் குளிரவைக்கும் மேலாடையான கூலிங் வெஸ்ட் வாங்குவதா? அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறதென்று தண்ணீரையும் குறைத்துவிட்டார். அது சரியா?

வேப்பங்காற்று:
இதற்கு ஊத்தாஃப் நிகழ்வு என்று பெயர். 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் பதிவு செய்தது. மயலின் உறை போன நரம்பில் சைகை ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. சூடு ஏறினால் அந்தச் சைகையைக் கடத்துகிற சோடியம் வாயில்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளும், சைகை பாதி வழியில் நின்றுவிடும். உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே போதும். புதிதாக எதுவும் சேதமாவதில்லை. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால், சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே நோயைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள்!

ரிலாப்ஸ் என்றால் காய்ச்சல், தொற்று எதுவும் இல்லாமலே அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால் நியூராலஜிஸ்டைக் கூப்பிடுங்கள். கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிவது இரண்டும் இருந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள், 24 மணி நேரக் கணக்கு பார்க்க வேண்டாம். ஸ்டீராய்டு ஏற்றுவதற்கு முன் யூரின் டெஸ்ட் எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மீதில்பிரெட்னிசோலோன் என்கிற அந்த ஸ்டீராய்டு தினம் 1 கிராம், மூன்று முதல் ஐந்து நாள் என்பது சின்ன விஷயமில்லை. உள்ளே சிறுநீர்த் தொற்று இருந்தால் அது இன்னும் மோசமாகும். எம்.எஸ்.ஸில் எரிச்சலே தெரியாமலும் தொற்று இருக்கலாம்.

தெற்குத் தெரு:
சென்னைக்கு ஏர்கூலர் வேண்டாம் சார். தண்ணீர் ஆவியாகித்தான் அது குளிரவைக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்த ஊரில் அறைதான் புழுங்கும். நனைத்துப் போடுகிற வெஸ்டுக்கும் இதே கதை. ஃப்ரிட்ஜில் உறையவைத்துச் செருகும் பேக் உள்ள வெஸ்ட் வேலை செய்யும், ஆனால் கனம். கால் இழுக்கிறவருக்கு ஒரு தடவை போட்டு நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அதுவரை ஒரு பக்கெட் போதும். சமையலுக்கு முன் இரண்டு கையையும் முழங்கை வரை கால் மணி நேரம் குளிர்ந்த நீரில் வைக்கணும். பக்கெட்டை விடியற்காலையே நிரப்பிவிடுங்கள், பதினோரு மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராகவே வரும். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. மரத்த இடத்தில் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. துணியில் சுற்றிக் கழுத்தில் வையுங்கள்.

நம் சமையலறையில் பெரிய தப்பு, அடுப்பு அணையுமென்று ஃபேனை நிறுத்துவது. இண்டக்‌ஷன் அடுப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஃபேன் ஓடட்டும். காய் நறுக்குவதைக் கூடத்தில் உட்கார்ந்து செய்யலாம், எட்டு மணிக்குள் குக்கரை இறக்கிவிடலாம். சமையலை நீங்கள் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஏ.சி. 26இல் போதும். சிலருக்குக் குளிர் கூடினால் தசை விறைத்துக்கொள்ளும்.

நீர்க்கணக்கு:
தண்ணீரைக் குறைப்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை இன்னும் உறுத்தும், அவசரம் கூடும், தொற்றும் மலச்சிக்கலும் வரும். டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், கோடையில் இன்னும் கொஞ்சம். ஒரே மூச்சாக இல்லாமல் பிரித்துக் குடிக்கணும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தலாம். காபியை ஒரு வேளையாக்குங்கள்.

சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபுட்டினின், சாலிஃபெனாசின் மாதிரி மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா? இவை வியர்வையைக் குறைக்கும், சூடு உள்ளேயே தங்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் போய்விட்டு வந்த பிறகும் சிறுநீர்ப்பையில் மிச்சம் தங்குகிறதா என்று ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி:
சாலிஃபெனாசின் 5 மி.கி. எடுக்கிறார், நாளைக்கே கேட்கிறேன். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை என்ன செய்வது?

தெற்குத் தெரு:
எண்ணெய் தாராளமாக வைக்கலாம், வெந்நீர்தான் ஆகாது. வெதுவெதுப்பு போதும், மரத்த கையால் இல்லாமல் நீங்கள் தொட்டுப் பார்த்து விளாவுங்கள். பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்தே குளிக்கட்டும், எண்ணெய்த் தரையில் இழுக்கிற கால் நிற்காது. கதவை உள்தாழ் போட வேண்டாம்.