கையால் செய்த பழைய ஸ்டீல் ஃபிரேம்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி:
ஒரு பழைய ரோடு சைக்கிள் ஃபிரேம் விலைக்கு வந்திருக்கிறது, ஒரே ஆள் தன் பட்டறையில் கையால் செய்தது என்கிறார்கள், ரெனால்ட்ஸ் 531 (பெயர்பெற்ற ஸ்டீல் குழாய் வகை) ஸ்டிக்கரும் இருக்கிறது. ஸ்டிக்கரை நம்பலாமா? அப்புறம், இன்றைய சக்கரம் இதில் பொருந்துமா?

பதில் 1:
ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் தண்டு) விட்டத்தை அளந்து பாருங்கள். 531 டபுள் பட்டட் குழாய் (நுனிகளில் தடித்து நடுவில் மெலிந்தது) என்றால் பெரும்பாலும் 27.2 மி.மீ. இருக்கும், அதைவிட நன்றாகக் குறைந்தால் தடித்த சாதாரணக் குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு லக்குகளை, அதாவது குழாய்கள் சேரும் மூட்டில் இருக்கும் உறைகளை, கவனியுங்கள். நல்ல கைவினைஞர் லக்கின் ஓரத்தை அரத்தால் ராவி மெல்லியதாக்கியிருப்பார், உருகிய பித்தளையோ வெள்ளியோ விளிம்பு முழுக்க இடைவெளி விடாமல் ஓடியிருக்கும். அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே அரை நாள் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவு அழகு!

பதில் 2:
பழைய ரோடு ஃபிரேம்களில் பின்சக்கரம் மாட்டும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 120 அல்லது 126 மி.மீ., 130 பிறகு வந்தது. ஸ்டீல் என்பதால் விரிக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும், தெரிந்தவரிடம் கொடுங்கள். முக்கியமாக, ஹெட் டியூபை (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்) ஒட்டி டவுன் டியூபின் (அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். மேடு தட்டினால் முன்னால் மோதிய வண்டி, விட்டுவிடுங்கள்.

பதில் 3:
மவுண்டன் பைக் ஃபிரேம் கிடைத்தாலும் தயங்காதீர்கள். 1977-ல் கலிபோர்னியாவில் ஜோ பிரீஸ் செய்த முதல் பிரீசர் மவுண்டன் பைக்கும் கைவேலைதான். அந்தக் காலத்து மவுண்டன் ஃபிரேம்கள் சிலவற்றில் லக்கே இருக்காது, பித்தளையை மூட்டில் வளைவாக நிரப்பி வழவழவென்று ராவியிருப்பார்கள்.

கேட்டவர்:
சரி, நாளைக்கே காலிப்பரோடு போகிறேன். டவுன் டியூபைத்தான் முதலில் தடவுவேன்.