'லெட் த ரைட் ஒன் இன்' பார்க்கப் போறவங்களுக்கு: குரல், வசன வரி, ஒலி

2008-ல் தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் இயக்கிய ஸ்வீடிஷ் படம். பள்ளியில் அடி வாங்கும் 12 வயது ஓஸ்கர், பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் ஏலி என்ற ரத்தக் காட்டேரி, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவில் வளரும் காதல்தான் கதை. தயவுசெய்து ஆங்கில டப்பிங்கில் பார்க்காதீங்க. ஏலியா நடிச்ச லினா லியாண்டர்சனோட சொந்தக் குரலே படத்தில் கிடையாது. எலிஃப் ஜெய்லான் என்பவரோட தணிந்த குரலைப் பொருத்தியிருக்காங்க. சின்ன முகம், அதுக்குச் சற்றும் சேராத குரல். இந்தப் பொருந்தாமைதான் முதல் சந்திப்பிலேயே நம்மை உறுத்தும். "நான் பெண் இல்லை"ன்னு ஏலி சொல்றப்போ அந்தக் குரல்தான் அதை நம்ப வைக்கும். பின்னாடி ஏலி உடை மாத்துறப்போ கண நேரம் ஒரு தழும்பு தெரியும், கண் சிமிட்டினா போச்சு. மூல நாவலில் அதன் ஆசிரியர் யோன் அய்விடே லிண்ட்க்விஸ்ட் பக்கம் பக்கமா விளக்கின ஏலியோட கடந்தகாலத்தை, அவரே எழுதின திரைக்கதை அந்த ஒரே ஷாட்டில் வெச்சிருக்கு. டப்பிங்கில் குரல் போனதும் இந்தக் கண்ணியும் அறுந்துபோகுது.

— — —

மேலே சொன்னதோடு வசன வரியையும் (சப்டைட்டில்) சேர்த்துக்குங்க. 2009-ல் அமெரிக்காவில் வந்த முதல் டிவிடி, ப்ளூரே ரெண்டிலும், திரையரங்கில் ஓடின வசன வரிகளை எடுத்துட்டுச் சுருக்கின வரிகளைப் போட்டுட்டாங்க. நகைச்சுவையும் தயக்கமும் காணாமல் போச்சு. ரசிகர்கள் கொதிச்செழுந்த பிறகு திருத்தின பதிப்பு வந்தது. பழைய வட்டு வாங்குறவங்க பின்னட்டையில் வசன வரி விவரத்தைப் பாருங்க: 'இங்கிலீஷ்' என்பதோடு 'தியேட்டரிக்கல்'னும் இருக்கணும். வெறும் 'இங்கிலீஷ்'னா வெச்சுட்டு வந்துடுங்க.

— — —

படம் எடுத்த விதம் பற்றிக் கொஞ்சம். கதை நடப்பது ஸ்டாக்ஹோமின் புறநகர் பிளாக்கெபெரியில். பனி உறுதியா வேணும்னு பெரும்பகுதியை வடக்கே லூலெயோவில் எடுத்தாங்க. முற்றத்தில் ரெண்டு பேரும் பேசும் அந்த, குழந்தைங்க ஏறி விளையாடுற கம்பிச் சட்டம் படத்துக்காகவே செஞ்சது. வழக்கமான சட்டம் உயரமா இருக்கும், அகலத்திரையில் தலை வெட்டுப்படும். அதனால் பக்கவாட்டில் நீளமா அமைச்சாங்க. ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே இருந்தாலும் ஒரே ஃபிரேமில் அடங்குவது அப்படித்தான். வெளிப்புறக் காட்சிகளின் முக நெருக்கங்கள் பலவும் கடுங்குளிர் ஸ்டுடியோவில் எடுத்தவை.

ஒளிப்பதிவாளர் ஹொய்ட்டெ வான் ஹொய்ட்டெமா கையில் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடுவதே அரிது. கொலைகள் தள்ளி நின்னு பார்க்கும் பார்வையில் நடக்கும், காதல் மூச்சுக் கேட்கும் தூரத்தில். ஏலியோட தங்கி, ஏலிக்காக ரத்தம் தேடும் ஹோகன், காட்டில் ஒரு இளைஞனைத் தலைகீழாத் தொங்கவிட்டு, புனல் வெச்சுக் கேனில் ரத்தம் பிடிக்கிறார். ஒரு வெள்ளைப் பூடில் நாய் வந்து உட்கார்ந்து அவரையே பார்க்குது. விரட்டினாலும் போகலை. பின்னாடியே நாயைத் தேடும் குரல்கள். பதறி ஓடுறவர் கேனை விட்டுட்டுப் போயிடுறார். திகில் படத்தில் காரியம் இப்படிக் கெடுவதை நான் வேறெங்கும் இவ்வளவு நம்பும்படி பார்த்ததில்லை.

— — —

ஒலி விஷயத்தில் ஒரே கோரிக்கை: ஹெட்ஃபோன் போடுங்க, இல்லைன்னா மின்விசிறியை நிறுத்துங்க. அமைதியான படம்தானேன்னு டிவியில் 'நைட் மோட்' போட்டா, மெல்லிசான ஒலியும் உரத்த ஒலியும் ஒரே மட்டத்துக்கு வந்துடும், மூச்சுச் சத்தம் கூட்டத்தில் கலந்துபோகும்.

இதன் பலன் நீச்சல்குளக் காட்சியில் தெரியும் (முடிவு தெரிய வேண்டாம்னா இங்கேயே நிறுத்திக்குங்க). பள்ளியில் அவனைக் கொடுமைப்படுத்துற கூட்டம், 3 நிமிஷம் மூச்சடக்கணும்னு மிரட்டி ஓஸ்கரை நீருக்குள் அமுக்குது. கேமரா அவனோடயே அடியில் இருக்கு. மேலே நடக்கும் அத்தனையும் மங்கின முழக்கமாத்தான் காதில் விழும். இழுபடும் கால்கள், விழும் தலை, துண்டான கை மட்டும் கண்ணில் படும். ஒலியைக் கூட்டிக் குறைக்காதீங்க, அந்த மந்தம் வேணும்னே வெச்சது.

2010 அமெரிக்க மறு ஆக்கம் 'லெட் மி இன்' மோசமில்லை. காருக்குள்ளேயே கேமரா இருக்க, கார் உருளும் காட்சி அதில் பிரமாதம். ஆனா இதைப் பார்த்துட்டு அதுக்குப் போங்க.