குழந்தைக்கு ஒரு சமையல், நமக்கு ஒரு சமையல்: ஒன்றாக்க வழி உண்டா?

கேள்வி:
மகனுக்கு எட்டு மாதம், தாய்ப்பாலும் தொடர்கிறது. அவனுக்கு உப்பில்லாத பருப்புச் சோறு, எங்களுக்குக் குழம்பு, பொரியல். ஊட்டி முடிப்பதற்குள் எங்கள் சாப்பாடு ஆறிப்போகிறது. அவன் கிண்ணத்தில் மிஞ்சியதும் டீ, பிஸ்கட்டும்தான் மனைவியின் மதிய உணவு. மூவருக்கும் ஒரே சமையல் முடியுமா?

பதில் 1:
முடியும். தாளிப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சாம்பாருக்குப் பருப்பும் பரங்கிக்காயும் மஞ்சள்தூளோடு குழைந்ததும், புளி, உப்பு, பொடி விழும் முன்பே இரண்டு கரண்டி எடுத்துவிடுங்கள். அதைக் குழைந்த சோற்றில் பிசைந்து அரைத் தேக்கரண்டி நெய் விட்டால் அவன் சாப்பாடு தயார். பலரும் முதலிலேயே மிளகாயைத் தாளித்துவிடுவதால்தான் தனிச் சமையல் தேவைப்படுகிறது.

மிக்ஸியில் அரைக்க வேண்டாம், கையால் மசித்தால் போதும். கூழாகவே பழகினால் பிறகு சிறு கட்டியைக்கூடத் துப்பும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். நீர்த்தால் வயிறு நிறையும், சத்து சேராது. ஒரு வயது வரை உப்பும் தேனும் கூடாது. தேனில் பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும்.

பதில் 2:
எனக்கு அம்மாவின் தட்டுதான் பெரிய கவலை. பாலூட்டுபவருக்கு வழக்கத்தைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். கிண்ணத்து மிச்சம் அதில் ஒரு மூலைக்கும் காணாது. இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் கூடுதலாகச் சேர்த்தால் ஏறக்குறைய சரியாகும். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பருப்பின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

ஊட்டுவதும் சாப்பிடுவதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். விரலால் நசுங்கும் அளவு வெந்த கேரட் துண்டை அவன் கையில் கொடுங்கள். முழு வேர்க்கடலை மட்டும் வேண்டாம், புரையேறி மூச்சடைக்கும். கிண்ணத்தில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் வைத்து, கேட்டால் மறுபடி வையுங்கள். எச்சில் பட்டதை எடுத்துவைத்து அடுத்த வேளைக்கு ஊட்டாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. அந்த இட்லியையே மகனுக்கும் கொடுக்கலாம் என்றால், மாவில் உப்பு இருக்குமே?

பதில் 1:
அரைத்ததும், உப்புப் போடும் முன்பே, அவனுக்கு ஒரு சிறு பாத்திரத்தில் தனியாக எடுத்துவையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு உப்பில்லாமலும் மாவு நன்றாகப் பொங்கும். சீக்கிரம் புளிக்கும் என்பதால், பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.